கணினியின் தாகத்துக்கு எந்தத் தண்ணீர்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு சூலியா தெருவில், நாகூர் தர்காவுக்கு அருகே, ஒருவர் தேநீர் குடித்தபடி பேரனின் படத்தைக் கைப்பேசியில் அனுப்புகிறார். படம் காற்றோடு போனதாகத்தான் அவர் எண்ணுகிறார். அது போய்ச் சேரும் இடம், ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் ஒரு கட்டடம். அதற்குத் தரவு மையம் என்று பெயர்.

ஓடும் கணினி சூடாகும். அது தின்ற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வரும். அதைத் தணிக்கப் பல மையங்கள் கையாளும் முறை, பாட்டி வீட்டு மண்பானையின் முறைதான். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. ஒரு மெகாவாட் வெப்பத்தை இப்படியே போக்க, மணிக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆவியாக வேண்டும். நாளுக்கு 36,000 லிட்டர். 100 மெகாவாட் என்றால் 36 லட்சம் லிட்டர். பினாங்கில் பத்தாயிரம் பேருக்கு மேல் வீட்டில் புழங்கும் நீர் அது! ஆவியான நீர் குழாய்க்குத் திரும்புவதில்லை.

பினாங்கு மக்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். மாட்டு வண்டியில் நீர் வந்த காலத்தின் நினைவாக, பர்மா சாலைக்கு ஹொக்கியன் மொழியில் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்றே பெயர். இன்று மாநிலத்தின் நீரில் பெரும்பகுதியைத் தருவது மூடா ஆறு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றியபோது, நான்கு நாள் பல பகுதிகளில் நீர் தடைபட்டது.

இத்தகைய மையங்கள் குவிந்திருக்கும் ஜோகூர் மாநிலம், தண்ணீரை மிக அதிகமாகக் குடிக்கும் வகை மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று 2025 நவம்பரில் அறிவித்தது.

அப்படியானால் தரவு மையமே வேண்டாமா? அது விடையாகாது. தேநீருக்குக் காசு கொடுப்பதே இன்று கைப்பேசி வழியாக நடக்கிறது. காற்றால் குளிர்விக்கலாம், தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும். இன்னொரு வழி, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுப்பது. சிங்கப்பூர் 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் அத்தகைய நீரைத் தொழிற்சாலைகளுக்கும் குளிர்விப்புக்கும் தருகிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள் தொழிற்சாலைகளுக்காகவே கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன.

புதிய மையம் வருகிறது என்றால், எவ்வளவு முதலீடு, எத்தனை வேலை என்று கேட்பது வழக்கம். அது போதாது. நாளுக்கு எத்தனை லிட்டர்? குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா? வறட்சி வந்தால் முதலில் அடைபடுவது மையத்தின் குழாயா, வீட்டுக் குழாயா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் விடை வந்த பிறகே அனுமதிக் கையெழுத்து விழ வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.