ஒரு வேளைச் சோறும் ஓர் ஊரின் பெயரும்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குப் பயணம் புதியதன்று. பிழைப்பின் பொருட்டும், உறவினர் இல்லத்து நன்மை தீமைகளின் பொருட்டும் ஆண்டில் சில முறையேனும் வழி நடக்கின்றோம். வழியில் குடையைத் தொலைத்தவர் சில நாளில் அதனை மறந்து விடுவார். ஆறிய சோற்றை உண்டவரோ பத்தாண்டு கழிந்தும் மறவார். அச்சோறு கிடைத்த ஊரின் பெயரையே கெடுத்துவிட்டுத்தான் ஓய்வார். அவ்வாறு ஓர் ஊரின் பெயரை நாங்கள் கெடுத்த கதையையும், பின்னர் அதன் பொருட்டு நாணிய கதையையும் இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

மும்பையிலிருந்து கொங்கண் நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கோவாவைக் கடந்தே கருநாடகத்துள் புக வேண்டும். கோவாவின் சிற்றூர்களில் ‘பார் அண்டு ரெஸ்டாரண்ட்’ என்னும் பெயர்ப்பலகை தென்படாத கடைத்தெரு அரிது. தமிழகத்திலிருந்து வந்தவர்க்கு அப்பலகையைக் கண்டதும் கால் தயங்கும். அதற்குக் காரணம் உண்டு. 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-இல் தளர்த்தப்படும் வரை நம் பெற்றோர் காலத்து வாழ்வை உருவாக்கியது. பிற்காலத்தில் சட்டம் மாறிய போதிலும், குடிக்கும் இடம் வேறு, குடும்பத்தோடு உண்ணும் இடம் வேறு என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் காண நாம் பழகவில்லை.

கோவாவின் வரலாறு வேறு. போர்த்துக்கேயர் 1510-இல் அங்கே கால்கொண்டு 1961-இல் நீங்கினர். அங்கே முந்திரிப் பழச்சாற்றைக் காய்ச்சி வடித்த பேனி ஊர்ப் பொருள். 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாவ் என்னும் ரொட்டியின் மாவைப் புளிக்க வைப்பதற்குக்கூட முற்காலத்தில் தென்னங்கள்ளையே சேர்த்தனர். ஆகவே, பலகையில் ‘பார்’ என்று எழுதியிருப்பினும், உள்ளே உச்சிப்பொழுதில் பெரும்பாலோர் உண்பது சோறும் மீன்குழம்புமே.

தென் கோவாவில் நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றில் உள்ள அத்தகைய கடைக்கு நாங்கள் மும்முறை சென்றோம். முதன்முறை சென்றது தை மாதத்தில். நண்பர் நால்வர், நண்பகல் ஒரு மணி. சிவந்த புழுங்கலரிசிச் சோறு ஆவி பறக்க வந்தது. தேங்காய் அரைத்த குழம்பு, ரவையில் புரட்டிப் பொரித்த வஞ்சிரத் துண்டு, கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த செந்நிறச் சோல்கடி. எங்களுள் ஒருவர் மரக்கறி உண்பவர். அவருக்குப் பாவும் பட்டாணிக் கறியும் கொடுத்தனர். மீன் பொரித்த சட்டியையே உருளைக்கிழங்குக்கும் பயன்படுத்துகின்றனரோ என்று அவர் ஐயுற்றார், ஆயினும் கேட்கவில்லை. மற்ற மூவரும் நிறைவோடு எழுந்தோம்.

இரண்டாம் முறை சென்றது ஆடி மாதத்தில், கொட்டும் மழையில். எங்களுள் ஒருவரின் அன்னையாரும் உடன் வந்திருந்தார். பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது. அடுப்பு அணைந்திருந்தது. உரிமையாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் இல்லை என்றார். வந்த சோறு ஆறியிருந்தது, பருப்புக்குச் சூடில்லை. அடுத்த மேசையில் ஊரார் சிலர் கோப்பைகளோடு உரக்கப் பேசிக் கொண்டிருந்தனர். கணக்குச் சீட்டில் நாங்கள் கேட்காத பண்டம் ஒன்றும் ஏறியிருந்தது. மழைக்கு அஞ்சி அதனையும் கொடுத்துவிட்டுச் சினத்தோடு வெளியேறினோம்.

வண்டியில் நாங்கள் கடையைத் தூற்றிக்கொண்டு வந்தபோது அன்னையார், “சோறு ஆறித்தான் இருந்தது, அப்பா. ஆனால் நான் உட்கார இடமில்லாமல் நின்றதைப் பார்த்து, குடித்துக் கொண்டிருந்த அந்தப் பெரியவர் மற்றவர்களையும் எழுப்பிக்கொண்டு திண்ணைச் சாரலில் போய் உட்கார்ந்தாரே, அதை நீங்கள் ஒருவரும் பார்க்கவில்லையா?” என்றார். எங்கள் செவியில் அது ஏறவில்லை. மும்பை திரும்பியதும் தமிழ்ச் சங்கத்தில் கூடிய நண்பர்களிடமெல்லாம், அவ்வூரில் இறங்காதீர்கள், அது குடிகாரர் கூடம் என்று கூறினோம்.

அச்சொல் வீண்போகவில்லை. அடுத்த தை மாதத்தில் நண்பர் ஒருவரின் குடும்பம் அவ்வழியே சென்றது. நண்பகல் வேளை, குழந்தைகளுக்குப் பசி. எங்கள் சொல்லை நம்பி அவ்வூரில் இறங்காது சென்றனர். மாலை வரை பிஸ்கட்டைத் தவிர வேறொன்றும் குழந்தைகளுக்குக் கிட்டவில்லை. “நல்ல வேளை, நீங்கள் முன்னரே எச்சரித்தீர்கள்” என்று அவர் எங்களுக்கு நன்றி வேறு கூறினார். எந்த மாதத்தில், எந்த நேரத்தில் அக்கடை எங்களுக்கு நல்ல உணவளித்ததோ, அதே மாதத்தில், அதே நேரத்தில்தான் அவர்கள் பசியோடு அதனைக் கடந்து சென்றிருந்தனர். அந்த நன்றியை ஏற்க எங்களால் இயலவில்லை.

அவ்வாண்டு பங்குனியில் மூன்றாம் முறை சென்றோம். வண்டி பழுதுற்றதால் இரண்டு மணி நேரம் அங்கேயே தங்க நேர்ந்தது. உரிமையாளரோடு இந்தியில் உரையாடினோம். மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதி வரை, 61 நாட்கள், இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு; அது மீன்கள் பெருகும் காலம். ஆகவே எங்களுக்கு அன்று மீன் கிடைக்காதது அவர் குற்றமன்று. அங்கே பகல் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்து, மாலையில் மீண்டும் மூட்டுவது வழக்கம். முன்னர்ச் சமையற்காரர் ஒருவர் இருந்தாராம். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளைத் தடுத்து உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் இட்ட ஆணை 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்லை 500 மீட்டர். இருபதாயிரம் மக்களுக்கு மேற்படாத ஊர்களுக்கு 220 மீட்டர். இவர் கடை அதற்கும் உட்பட்டே இருந்தது. விதி பின்னர்த் தளரும் வரை மது விற்பனை நின்றது, சமையற்காரரும் விலகினார். அன்று முதல் சமையல் இவருடைய மனைவியின் கையில்.

சாலை விபத்துகளைக் குறைக்க எழுந்த அவ்வாணையின் நோக்கத்தை நாங்கள் குறைகூற மாட்டோம். அவருடைய கடுஞ்சொல்லும் கணக்குப் பிழையும் குற்றமே என்பதையும் மறுக்க மாட்டோம். அப்பிழையை அன்று அவரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் வாதாடவில்லை; அன்றைய சீட்டில் அத்தொகையைக் கழித்து எழுதித் தந்தார். சட்டியைப் பற்றியும் கேட்டோம். மரக்கறிக்குத் தனிச்சட்டி இல்லை என்றும், முன்னரே சொன்னால் தனியே செய்து தர இயலும் என்றும் கூறினார். எங்கள் மரக்கறி நண்பரின் ஐயம் உண்மையாயிற்று. முதல் நாளே கேட்டிருந்தால் அன்றே தெளிந்திருக்கும்.

நேயர்களே! வழிப்போக்கன் சொல்லுக்கு வலிமை மிகுதி. அவனுக்குப் பின் வருவோர் அதனை நம்பியே நடக்கின்றனர். ஆதலின் ஓர் உணவகத்தைப் பற்றிக் கூறுங்கால், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் சென்றோம் என்பதையும் சேர்த்துக் கூறுவோம். மீனோ மரக்கறியோ, அமருமுன் அடுக்களையைப் பற்றிக் கேட்போம். கணக்குப் பிழையை அங்கேயே சொல்லித் தீர்ப்போம். ஊருக்குச் சுமந்து வந்து பரப்ப வேண்டா. கண்ட குறையைச் சொல்லுங்கால் கண்ட நன்மையையும் உடன் சொல்வோம்.

மும்பை திரும்பியதும் சங்க நண்பர்களிடம் எங்கள் கூற்றைத் திருத்திச் சொன்னோம். தை முதல் வைகாசி வரை, பகல் மூன்று மணிக்கு முன்னர்ச் சென்றால் நல்ல உணவு கிடைக்கும் என்றோம். அன்னையாரிடமும் சென்று அப்பெரியவரைப் பற்றிக் கேட்டோம். “அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்” என்றார் அவர். மூன்றாம் முறை சென்றபோது அவரைத் தேட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த பயணத்தில் முதல் வேலை அதுவே.