கயிலைக்கு நடந்த திருவாமூர்க்காரர்

கயிலையைக் காணத் தீராத ஆசை கொண்ட ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தில் இருந்தார். பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர்தான் அவர். 7ஆம் நூற்றாண்டுக்காரர். உழவாரப்படையோடு ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர். தள்ளாத வயதில் கயிலைக்குக் கிளம்பினார். பாதம் தேய்ந்ததும் கையூன்றித் தவழ்ந்தார். கையும் தேய, மார்பால் ஊர்ந்தார் என்கிறது பெரியபுராணம். கடைசியில் கயிலையை எட்டாமலே, திருவையாற்றிலேயே அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது.

இன்றும் 6,638 மீட்டர் உயரக் கயிலையின் உச்சியில் யாரும் ஏறுவதில்லை. சுமார் 52 கிலோமீட்டர் சுற்றித்தான் வருகிறார்கள். வழியில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். மலை பார்க்கும் ஆசை இருந்தால் வயதைக் காரணம் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் உடம்பைக் காட்டிவிட்டு, நாளைக் காலையிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள்!