கொடுத்து வாழும் வணிகம்

கடைவீதியிலே ஒருவன் கடை திறக்கின்றான். தன் பண்டத்தை எவரும் விலையின்றி எடுத்துச் செல்லலாம். அதனைச் செய்யும் முறையையும் கேட்டறிந்து, தம் வீட்டிலே செய்து, பிறர்க்கு விற்கவும் விற்கலாம் என்று வாயிலில் எழுதியும் வைக்கின்றான். இக்கடை எத்தனை நாளைக்கு நடக்கும் என்று வினவினால், மாலைக்குள் மூடிவிடும் என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும், ஏறத்தாழ இத்தகைய கடையொன்றே 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 3,400 கோடி அமெரிக்க டொலருக்குக் கைமாறிற்று. வாங்கியது ஐ. பி. எம். நிறுவனம், விலைபோனது ரெட் ஹற் என்னும் மென்பொருட் கொம்பனி.

மென்பொருள் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய அதன் வடிவத்தை மூலநிரல் என்பர். பரம்பரை வைத்தியர் சிலர் மருந்தை விற்று, செய்முறை ஏட்டை மட்டும் பெட்டகத்துள் ஒளித்து வைத்தமை போலவே, மென்பொருட் கொம்பனிகள் பலவும் மூலநிரலை மறைத்து வைத்தே பொருளீட்டின. இவ்வழக்கத்தை எதிர்த்து, 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் வேண்டியது விலையின்மை அன்று. படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய உரிமையே. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால், அவர் வாழ்நாளிற் பெரும்பகுதி இதனை விளக்குவதிலேயே கழிந்தது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று சொல்லத் தமிழருக்கு அத்துணை இடர்ப்பாடு இல்லை.

1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமையின் கருவை எழுதி வெளியிட்டார். உலகின் பல மூலைகளிலிருந்தும் அறிமுகமற்றோர் அதனைத் திருத்தி வளர்த்தனர். இவ்வேளையிலேதான் பொப் யங் என்னும் கனடா நாட்டவர் கணினிச் சாமான்களைத் தபால் மூலம் விற்கும் சிறு வணிகத்தை 1993இல் தொடங்கினார். மார்க் யூவிங் என்னும் இளைஞர் தொகுத்த லினக்ஸ் வட்டு நன்கு விலைபோவதைக் கண்டு, 1995இல் அவருடன் ஒன்றிணைந்தார். யூவிங் தம் பாட்டனார் கொடுத்த சிவப்புத் தொப்பியை அணிந்து திரிந்தவர். கொம்பனியின் பெயரும் அத்தொப்பியினின்றே பிறந்தது.

எவரும் சும்மா பெறத்தக்க பொருளுக்கு ஒருவர் ஏன் பணம் கொடுக்கவேண்டும்? யங் தக்காளிச் சோசை எடுத்துக்காட்டாகக் கூறுவார். அதனை எவரும் அடுக்களையிலே செய்துகொள்ளலாம், செய்முறை இரகசியமன்று. எனினும் மக்கள் நம்பிக்கையுள்ள பெயரைத் தாங்கிய போத்தலையே வாங்குகின்றனர். வங்கியொன்றின் கணினி நள்ளிரவிலே நின்றுபோனால், மூலநிரல் கையில் இருந்து என்ன பயன்? தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லவும், பழுதைத் திருத்தவும், பாதுகாப்புக் குறைகளை ஆண்டுக்கணக்கில் அடைத்துத் தரவும் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். ரெட் ஹற் விற்றது அந்தப் பொறுப்பையே. 2002, 2003ஆம் ஆண்டுகளில் பெட்டியில் அடைத்த வட்டு விற்பனையைக் கைவிட்டு, ஆண்டுச் சந்தா முறைக்கு அது மாறிற்று. 2012இல் அதன் ஆண்டு வருமானம் நூறு கோடி டொலரைக் கடந்தது.

இத்தகைய கொம்பனிக்குத் தொடக்கத்தில் முதல் எங்கிருந்து வருகின்றது? வங்கி, ஈடு கேட்கும். மென்பொருள் எழுதுவோனிடம் காணியுமில்லை, நகையுமில்லை. ஆகவே அவன் துணிகர முதலீட்டாளரை நாடுகின்றான். இவர்கள் கடன் கொடுப்பதில்லை, பங்கு கேட்கின்றனர். பத்து இலட்சம் டொலர் இட்டபின் கொம்பனியின் பெறுமதி நாற்பது இலட்சம் எனக் கொண்டால், காற்பங்கு அவர்களுக்குரியது. அடுத்த சுற்றிலும் அவ்வாறே மற்றொருவர் காற்பங்கு பெற்றால், முழுமையும் தனதாகத் தொடங்கியவனிடம் எஞ்சுவது பதினாறில் ஒன்பது பங்கு மாத்திரமே. மேலும், இந்நிதிகள் பெரும்பாலும் பத்தாண்டு எல்லைக்கு உட்பட்டவை. இட்ட பத்தில் பல அழியும் என்று தெரிந்தே இடுவதால், பிழைக்கும் ஒன்றிரண்டு பன்மடங்காகப் பெருகவேண்டும் என்று நெருக்குவர். மெல்ல வளர விரும்புவோனுக்கு இப்பணம் ஏற்றதன்று. இதனை அறியாது வாங்கி வருந்தியோர் பலர்.

1999 ஓகஸ்ட் 11ஆம் நாள் ரெட் ஹற்றின் பங்குகள் 14 டொலர் விலையிற் சந்தைக்கு வந்தன; அன்று மாலை 52 டொலரைத் தொட்டன. இங்கேதான் நெஞ்சை உறுத்தும் கேள்வி எழுந்தது. லினக்ஸை எழுதியவர்கள் ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கானோர். செல்வம் சேர்ந்ததோ அதனைத் தொகுத்து விற்றவர்களிடம். ரெட் ஹற் இதனை உணராமலில்லை. நிரல் எழுதியோர் பலருக்குத் தொடக்க விலையிற் பங்கு வாங்க அழைப்பு அனுப்பிற்று. ஆனால் அவர்களுட் சிலர் மாணவர். வருமானமோ முதலீட்டு அனுபவமோ அற்றவர். இத்தகையோருக்குப் பங்கு வாணிகம் தகாது எனப் பங்குத் தரகர் அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளினர். நன்றி செலுத்த நீட்டிய கையைச் சட்டத்தின் காபந்து ஏற்பாடே தடுத்தமை விந்தையே.

அப்பூசல் இன்றும் முற்றாகத் தீரவில்லை. 2023இல் ரெட் ஹற், தன் வணிகப் பதிப்பின் முழு மூலநிரலையும் வாடிக்கையாளருக்கு மாத்திரமே தருவதெனத் தீர்மானித்தபோது, கண்டனம் பெரிதாக எழுந்தது. பிறர் உழைப்பைப் பெற்றவன் கதவைச் சாத்துவதா என்றனர் ஒரு சாரார். உழைப்பின்றிப் படியெடுத்து விற்போரை ஏன் சுமக்கவேண்டும் என்றது கொம்பனி. இரு தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. எனினும் கொடுத்தே பெயர் பெற்றவன் கதவைச் சாத்தும்போது ஓசை சற்று உரக்கவே கேட்கும்.

இவ்வணிகம் மேனாட்டாருக்கே உரியதென எண்ணவேண்டியதில்லை. ஐ. பி. எம். ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண அவர்கள், 2005இல் தம் நண்பர்களுடன் டபிள்யூ. எஸ். ஓ. 2 என்னும் கொம்பனியை நிறுவினார். வெவ்வேறு கணினி முறைமைகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருளே அதன் தொழில். இன்ரெல் நிறுவனத்தின் முதலீட்டுக் கிளை தொடக்கத்திலேயே அதில் முதலிட்டது. நிரல் எழுதும் பணியின் பெரும்பகுதி கொழும்பிலே நடைபெற்றது. வாங்கியோரிற் பலர் கடல் கடந்த பெரு நிறுவனத்தார். 2024இல் ஈ. கியூ. ரி. என்னும் சுவீடன் முதலீட்டு நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஆயினும் அங்கு எழுதப்பட்ட நிரல்களுட் பெரும்பாலானவை திறந்த உரிமத்தின் கீழேயே வெளியாகியுள்ளன. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு மாணவன், இணைய இணைப்பு ஒன்றிருந்தால், எவரிடமும் அனுமதி கேளாது இன்றிரவே அவற்றைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம்.