கத்தோலிக்கப் பள்ளிச் சேர்க்கையும் நம் கவலையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேர்க்கைக் காலம் நெருங்கினால் நம் குடியிருப்பில் பேச்செல்லாம் ஒன்றுதான்: கன்னியர் நடத்தும் பள்ளியில் இடம் கிடைக்குமா? முதல் வகுப்பில் நுழைந்துவிட்டால் உயர்நிலை வகுப்பு வரை கவலையில்லை. கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளைக்குத் திருமுழுக்குச் சான்றும் பங்குத்தந்தையின் கடிதமும் துணை நிற்கின்றன. மற்றவர் பிள்ளைக்கு நல்லூழே துணை என்று நம்மிற் பலர் மனம் குமைவதுண்டு. இந்நிலையில் சேர்க்கை விதிகள் மாறக்கூடும் என்ற செய்தி கேட்டுச் சிலர் மகிழ்கின்றனர். நமக்கோ கவலை பிறக்கின்றது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களையேனும் அண்டையில் வாழும் எளிய பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அளித்தல் வேண்டும். பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டலாகாது என்பன அதன் விதிகள். உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. 2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அவ்விலக்கை விரித்தனர். 2025 செப்டம்பர் 1 அன்று நீதிபதிகள் இருவர் அத்தீர்ப்பைப் பற்றியே ஐயமெழுப்பி, பேரமர்வு ஆராய வேண்டுமெனத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பினர். சட்டத்திற்குத் தப்பவே சில பள்ளிகள் சிறுபான்மைப் பெயரைத் தேடுகின்றன என்பது அவர்தம் கவலைகளுள் ஒன்று. அதில் நியாயம் இல்லையென்று எவர் சொல்வார்?

ஒளிவின்றிச் சொல்வோம்: நம் கவலையிற் பாதி தன்னலம். கத்தோலிக்கருக்குரிய முன்னுரிமையும் நின்று, ஏழைக்குரிய பங்கும் சேருமானால், இடையிலே நெருக்குண்பது மாதச் சம்பளக்காரராகிய நம் பிள்ளைகளின் இடமே. ஏழைச் சிறுவனின் இடத்தை நாம் பொறாமையோடு பார்த்தல் தகாது, ஆயினும் பார்க்கிறோம்.

மற்றப் பாதி வேறு. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, மதத்தால் சிறுபான்மையோர், மொழியால் சிறுபான்மையோர் ஆகிய இருவருக்கும் கல்விக்கூடம் அமைத்து நடத்தும் உரிமையை ஒரே வாக்கியத்தில் வழங்குகிறது. சிறுபான்மை எது என்பதை மாநில அளவிலேயே கணக்கிட வேண்டும் என்று 2002 அக்டோபர் 31 அன்று பதினொரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே தடைக்கு இப்புறம் நாம் சிறுபான்மை. ரெயிலில் அடுத்த நிலையமான ஆரம்பாக்கத்தில் இறங்கினால் தெலுங்கு அன்பர்கள் சிறுபான்மை! நாளை நாம் இவ்வூரில் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளை முதலிற் சேர்ப்போமென்றால், நம் கையிலிருக்கும் சீட்டும் கன்னியர் கையிலிருக்கும் அதே சீட்டுத்தான். அவர்களுடையது குறைந்தால் நம்முடையது குறையாது என்று எண்ணலாமா?

வேலி முற்றிலும் அடைத்ததன்று. கேரளக் கல்வி மசோதாவைப் பற்றி 1958-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, பிற சமூகத்தாரிற் சிலரைச் சேர்ப்பதால் சிறுபான்மைப் பள்ளி தன் தன்மையை இழந்துவிடாது என்றது. அந்தப் ‘பிற சமூகத்தார்’ யாவர்? புத்தகப்பை சுமந்து காலையில் அவ்வாயிலில் நுழையும் நம் செல்வங்களே. அதே வாயிலில், கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளிற் சிலரும் நுழைந்தால் பள்ளியின் தன்மை கெடுமென்று நாம் எண்ணவில்லை. தீர்ப்பு எவ்வாறாயினும், பள்ளியார் தாமே அதைச் செய்தல் அழகு.

ஆதலால் சங்கம் வழக்கு மன்றத்தை நாட வேண்டுவதில்லை. பள்ளியின் தலைமைச் சகோதரியாரை நாடுவோம். முதல் வகுப்பில் மொத்த இடம் எத்தனை, சமூகத்தாருக்கு எத்தனை, பிறர்க்கு எத்தனை, ஏழையர்க்கு எத்தனை என்று சேர்க்கைக்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு பணிவுடன் கேட்போம். விண்ணப்பம் எழுதி ஆயத்தமாக இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் தாய்மார்களும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறோம். தெலுங்கில் கையொப்பமிடுவோரும் இடலாம்.