ஆற்றில் போட்ட பொன்னும் நகராட்சிக் கணக்கும்

(விருத்தாசலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்ட தோழர்கள் "நகராட்சியின் ஓராண்டு வேலையும் வரவு செலவும்" என்று தலைப்புக் கொடுத்து விட்டார்கள். துண்டு விளம்பரத்தைப் பார்த்த ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, "நீங்கள் சாமி இல்லையென்று பேசுகிறவர்களாயிற்றே, சாக்கடைக் கணக்கில் உங்களுக்கென்ன வேலை?" என்று கேட்டார். ஐயா, சாமியைப் பற்றி நாம் பேசுவதே, மனிதன் சாக்கடையைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்தக் கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்திருந்தால் அவருக்கு நமது வணக்கம்.

இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள் சொல்லுகின்றார்கள். காசியைவிட இங்கே வீசம் புண்ணியம் அதிகமாம். அதனால் விருத்தகாசி என்று பெயராம். அதை எந்தத் தராசில் நிறுத்தார்களோ, நமக்கு விளங்கவில்லை. மற்றொன்று சுந்தரர் கதை. சிவன் அவருக்கு இந்தத் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் கொடுத்தாராம். வழியில் கள்ளர் பயம் இருந்ததாலோ என்னவோ, அதைத் தூக்கிக்கொண்டு போகாமல் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்துக் கொண்டாராம். ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்று ஜனங்கள் சொல்லும் பேச்சு இதிலிருந்து வந்தது என்பார்கள்.

இதை நம்பச் சொன்னால் நாம் நம்பமாட்டோம். ஆனால் இந்தக் கதையில் ஒரு இடம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடுமுன் அதில் ஒரு துண்டு மச்சம் எடுத்து வைத்துக்கொண்டாராம். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தாராம். மாற்றுக் குறைந்திருந்ததாம். உடனே சும்மா இராமல் கேட்டாராம். அதன் பிறகுதான் மாற்றுச் சரியாயிற்றாம். தோழர்களே! யோசித்துப் பாருங்கள். கடவுளுக்குத் தோழர் என்று புராணமே சொல்லும் ஆள், அந்தக் கடவுள் கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கின்றார். நாமோ, நம்மைப் போன்ற மனிதர்களிடம் நம்முடைய பணத்தைக் கொடுத்துவிட்டு, அது எந்தக் குளத்தில் எழும்பிற்று, எவ்வளவு எழும்பிற்று என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பக்தர்கள் சுந்தரரிடம் மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். இந்த ஒரு நல்ல பழக்கத்தை மாத்திரம் விட்டுவிட்டார்கள்.

நிற்க. ஆற்றில் போடுகிற பொன் எது என்று முதலில் பார்ப்போம். இது 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி 73 ஆயிரம் பேருக்கு மேற்பட்ட ஊர். வீட்டுக்காரர் சொத்துவரி கொடுக்கின்றார். காலிமனைக்கும் வரி உண்டு. சம்பளக்காரரும் கடைக்காரரும் தொழில்வரி கொடுக்கின்றார்கள். குழாய்க்குத் தண்ணீர்க் கட்டணம் தனி. நகராட்சிக் கடைகளின் வாடகை, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு வரும்படி வேறே. இவ்வளவும் போதாமல், மாநில அரசு தன் சொந்த வரி வரும்படியில் ஒரு பங்கை நிதிக்குழுவின் யோசனைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகின்றது. அதுவும் தானமல்ல; கடையில் சாமான்கள் வாங்கும்போது நாம் கொடுத்த வரிதான் சுற்றிக்கொண்டு வருகின்றது. "எனக்குச் சொந்த வீடில்லை, நான் வரி கொடுப்பதில்லை" என்று சொல்லும் தோழர் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்ளுகின்றார். அவர் கொடுக்கும் வாடகைக்குள் வீட்டுவரி ஒளிந்துகொண்டிருக்கின்றது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுதும் சொத்துவரி உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25, அதன்மேல் 50, 75, 1,800 அடிக்கு மேற்பட்டால் 100 என்று படிப்படியாக ஏற்றினார்கள். சிறு வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் வைத்தது நியாயந்தான் என்பது நம் அபிப்பிராயம். நம்மவர்களிலேயே இதை ஒப்பாதவர்கள் இருக்கின்றார்கள். இருக்கட்டும். ஆனால் வரி உயர்ந்த அன்று கூச்சல் போட்டவர்களில், அடுத்த மார்ச்சில் அந்த வரி எதற்குச் செலவாயிற்று என்று பார்த்தவர் எத்தனை பேர்?

நகராட்சிக் கணக்கு மூன்று பெட்டியாக இருக்கின்றது. வருவாய் நிதி ஒன்று, குடிநீர் வடிகால் நிதி ஒன்று, தொடக்கக் கல்வி நிதி ஒன்று. இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை. மளிகைக் கடைச் சிட்டை பார்க்கத் தெரிந்த தாய்மார்கள் இதையும் பார்க்கலாம். நாமும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதல்ல இது. புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டித் தடவித் தெரிந்து கொண்டதுதான். சொத்துவரியோடு நூலகவரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு வாங்குகின்றார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த நூலகச் சட்டத்தின் வரி அது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அந்தப் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, நகராட்சியிலேயே தங்கிவிட்டதா என்பது ஒரே ஒரு வரியில் தெரிந்துவிடும். அந்த ஒரு வரியைப் பார்க்கத்தான் ஆளில்லை.

கொடுக்காதவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 1920-ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டத்தில் பொது வழிபாட்டு இடங்களுக்குச் சொத்துவரி கிடையாது என்று எழுதி வைத்தார்கள். கோவிலானாலும் மசூதியானாலும் சர்ச்சானாலும் ஒன்றுதான். பீங்கான் சூளை வைத்திருப்பவர் வரி கொடுக்கின்றார். அந்தச் சூளையில் மண் மிதிக்கும் கூலிக்காரர் குடிசைக்கும் வரி உண்டு. உலகத்துக்கெல்லாம் சொந்தக்காரர் என்று சொல்லப்படும் ஆண்டவனுக்கு மாத்திரம் வரி இல்லை. ஆனால் மாசிமகத்தில் பத்து நாள் கூட்டம் கூடினால் தண்ணீர் கொடுப்பதும் குப்பை வாருவதும் யார்? வரி கொடுக்கிற நீங்கள்தான்.

இந்த ஊர்ப் பீங்கான் தொழிலாளிகளிடம் நமக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஒரே மண், ஒரே சூளை. ஒரு தட்டில் மின்சாரப் பியூஸ் கேரியர் வேகின்றது; அடுத்த தட்டில் பிள்ளையார் பொம்மை வேகின்றது. எது வீட்டை மின்சார ஆபத்திலிருந்து காப்பாற்றும் என்று கேட்டால் அவர் பதில் சொல்லத் திகைக்கமாட்டார். அந்தத் தெளிவு நகராட்சி விஷயத்திலும் வர வேண்டும் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

பக்கத்திலே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கின்றார். அவருக்குப் பிராது கட்டுவது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேர், ஊர், விலாசம், குறை எல்லாம் கோர்ட்டு மனுப் போலவே எழுதிக் கட்டணம் செலுத்திக் கட்டுகின்றீர்கள். காரியம் முடிந்தால் வாபஸ் வாங்கவும் செய்கின்றீர்கள். இதை நாம் வெறுமனே பரிகாசம் செய்துவிட்டுப் போகப் போவதில்லை. ஏனெனில் இதிலே நல்ல அம்சம் ஒன்று இருக்கின்றது. குறையைத் தெளிவாக எழுத வேண்டும், விலாசம் போட வேண்டும், பதிலுக்குத் தவணை வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கின்றது. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளிடம் கொடுக்காமல் சூலத்தில் கட்டுகின்றீர்களே, அதுதான் பிசகு.

2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் ஒரு பிராதுதான். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கொளஞ்சியப்பர் செய்யாவிட்டால் எந்த மேல்கோர்ட்டுக்குப் போவீர்கள்?

ஒரு ஊரில் (எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்) நாம் வரவு செலவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்று போனோம். அங்கிருந்த குமாஸ்தா நம்மை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் கவுன்சிலரா? காண்டிராக்டரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, வரி கொடுக்கிறவன் என்றோம். "அப்படியானால் உங்களுக்கு எதற்கு?" என்றார். அவர் பொல்லாதவரல்ல, தண்ணீர்கூடக் கொடுத்தார். அவர் சர்வீஸில் வரி கொடுக்கிறவன் என்ற முறையில் ஒருவனும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்த பிறகு புத்தகம் வந்தது.

ஊர்த் தண்ணீர் விஷயம். வாந்திபேதி வந்தால் அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றிய நாடு இது. 1854-இல் லண்டனில் வாந்திபேதி கண்டபோது ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்கள் வீடு எங்கெங்கே என்று கணக்கெடுத்துப் பார்த்து, எல்லாம் ஒரு தெருப் பம்பைச் சுற்றி இருப்பதைக் கண்டார். ஸ்தல அதிகாரிகளிடம் சொல்லி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அந்தக் காலத்தில் கிருமி இன்னதென்று உலகத்துக்குச் சரியாகத் தெரியாது. கணக்குத்தான் அவருக்கு வழிகாட்டிற்று. நம் பெரியார் அவர்கள் காங்கிரசுக்குப் போவதற்கு முன்னே ஈரோடு முனிசிபாலிட்டிச் சேர்மனாக இருந்து, ஊருக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வர வேலை செய்தார். நாத்திகர் என்று பேர் வாங்குமுன்பே செய்த காரியம். அந்தக் குழாய் எத்தனை பேதிச் சாவைத் தடுத்திருக்கும் என்று யாரும் திருவிழாக் கொண்டாடுவதில்லை. 1920-இல் சென்னைக் கார்ப்பரேஷனில் தியாகராயர் தலைவராயிருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்ததும் ஸ்தல ஸ்தாபனத்தின் காரியந்தான். 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்துக்கு அதுதான் பாட்டன்.

இப்போது நமக்கு மிகவும் மனவருத்தம் தருகிற இடத்துக்கு வருகின்றோம். கணக்கில் "துப்புரவு" என்ற தலைப்பில் பணம் போகின்றதே, அது யார் கைக்குப் போகின்றது? யார் சாக்கடையில் இறங்குகின்றார்? எந்த ஊருக்குப் போனாலும் அந்த வேலைக்கு ஒரே ஜாதியார்தான் பெரும்பாலும் வருகின்றார்கள். பார்ப்பனரோ, முதலியாரோ, செட்டியாரோ, ரெட்டியாரோ ஒருவரை அந்த வேலையில் நாம் பார்த்ததில்லை. முன்பு காந்தியார் ஹரிஜனர் என்று பெயர் வைத்ததுபோல, துப்புரவுத் தொழிலாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று, நாற்றம் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. காண்டிராக்டு என்ற பேரால் இருந்த நிரந்தரமும் போய்க்கொண்டிருக்கின்றது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்து வாசலில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மண்டல வேலையைத் தனியாருக்கு விடாதீர்கள், வேலையை நிரந்தரமாக்குங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். பதவியில் இருந்தது நம்மவர் ஆட்சி என்று நாம் வாயை மூடிக்கொண்டால், பிறகு நமக்குச் சுயமரியாதை என்று பேச என்ன யோக்கியதை இருக்கின்றது?

மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதையும் சாக்கடைக் குழியில் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கின்றது. குழியில் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2023 அக்டோபரில் 30 லட்சமாக ஆக்கிற்று. சாவுக்கு விலை ஏறுகின்றது. ஆனால் மிஷின் வாங்கிவிட்டால் அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லையே! 2018-இலேயே திருவனந்தபுரத்தில் ஆளை இறக்காமல் குழி சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கேரளத்து இளைஞர்கள் செய்து காட்டினார்கள். ஆகவே கணக்குப் புத்தகத்தில் முதலில் எதைத் தேட வேண்டும் என்று நம்மைக் கேட்டால், இயந்திரத்துக்கும் கையுறைக்கும் பூட்சுக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைத் தேடுங்கள் என்போம். ஒதுக்கியது ஒரு பத்தி, செலவழித்தது வேறு பத்தி. இரண்டையும் பார்க்க வேண்டும். மணிமுத்தாற்றங்கரையில் செத்தவர்களுக்குத் திதி கொடுக்கச் செலவழிக்கிற ஊர், உயிரோடு குழியில் இறங்குகிறவரை நினைக்க வேண்டாமா?

'நமக்கு நாமே' என்ற திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கேட்க நன்றாயிருக்கின்றது, நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் பணமுள்ள தெரு தன் பங்கை ஒரே நாளில் கட்டி ரோடு போட்டுக் கொள்ளும். கூலிக்காரர் தெரு எதைக் கட்டும்? அந்தத் தெருக்களுக்குப் பங்கில்லாமலே வேலை நடக்கிறதா என்று பார்க்காமல் இந்தத் திட்டத்தை மெச்சுவதற்கில்லை.

இவ்வளவையும் கேட்க வேண்டியவர் கவுன்சிலர். இந்த ஊருக்கு 33 வார்டு. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரசபைகளில் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் கேட்க ஆளில்லாமல் வரி மாத்திரம் கொடுத்தோம். பிறகு தேர்தல் வந்தது. பெண்களுக்குப் பாதி ஸ்தானம் என்பது நமது இயக்கம் கேட்டு வந்ததன் பலன்களில் ஒன்று. ஆனால் நாம் போகும் ஊர்களில் சில இடங்களில் அம்மையார் பேர் பலகையில் இருக்கின்றது, அவர் புருஷர் நாற்காலியில் இருக்கின்றார். தாய்மார்களே! ஓட்டுப் போட்டது புருஷருக்கல்ல. அடுத்த முறை வார்டுக் கூட்டத்தில் அந்த அம்மையாரையே பேசச் சொல்லிக் கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் என்று ஆரம்பித்திருக்கின்றார்கள். அங்கே போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

நேரமாகிவிட்டது, வெளியூர்த் தோழர்கள் ரயிலுக்குப் போக வேண்டும். மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டிருக்கின்றார்கள். சென்ற ஆண்டு நூலகவரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு நூலகத்துக்குக் கொடுக்கப்பட்டது. துப்புரவு இயந்திரத்துக்கும் பாதுகாப்புச் சாமானுக்கும் ஒதுக்கியதெவ்வளவு, செலவெவ்வளவு. வார்டு வாரியாக ரோடு, வடிகால் வேலைச் செலவு எவ்வளவு என்று மூன்று கேள்விகளைத் தாளில் அச்சிட்டு வைத்திருக்கின்றோம். பத்து ரூபாய் ஸ்டாம்பும் அங்கேயே கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நான்கு பெண் தோழர்கள் உட்கார்ந்திருக்கின்றார்கள். பேரும் விலாசமும் மாத்திரம் சொல்லுங்கள். நாமும் இப்போது அங்கேதான் வருகின்றோம்.