ஸ்கேன் நார்மல், ஆனா ரூம் சுத்துது

பைக்ல இருந்து விழுந்து தலையில அடி. சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல். ரெண்டு நாள் கழிச்சு படுக்கையில புரண்டா ரூமே சுத்துது. வீட்ல என்ன சொல்வாங்க? "பயந்துட்ட, ரெஸ்ட் எடு." இன்னைக்கு எபிசோட் அந்த சுற்றல் பத்திதான்.

நம்ம காதுக்குள்ள ஒரு ஜைரோஸ்கோப் இருக்கு. அரைவட்டக் குழாய்கள், ஒரு காதுக்கு மூணு. தலை திரும்பினா உள்ளே இருக்கிற திரவம் பின்தங்கும். அந்த சிக்னல் போய், கண் எதிர்த்திசையில நகரும். எல்லாம் சுமார் 10 மில்லிசெகண்டில். போன் கேமராவுல வர்ற இமேஜ் ஸ்டெபிலைசேஷன் மாதிரி. அதனாலதான் நடந்துகிட்டே கடை போர்டு படிக்க முடியுது.

அந்தக் குழாய்களுக்குப் பக்கத்துல, ஒரு ஜெல் மேல கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். தலையில அடிபட்டா சிலது பிய்ச்சுகிட்டு குழாய்க்குள்ள போயிடலாம். அப்புறம் படுத்தா துகள் நகர்ந்து திரவத்தைத் தள்ளும். தலை சுத்துதுன்னு சென்சார் பொய் சொல்லும். கண்ணும் அதை நம்பி, நாம நினைக்காமலே துடிக்கும். இந்தத் துடிப்புக்குப் பேர் நிஸ்டாக்மஸ். இந்த வகைத் தலைசுற்றலுக்குப் பேர் பி.பி.பி.வி. துகள் அவ்வளவு சின்னது, சி.டி.ல தெரியாது.

ஆனா கண்ணுல தெரியும். 1952-ல லண்டன்ல மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் விவரிச்ச சோதனை இது: தலையை 45 டிகிரி திருப்பி, சட்டுனு பின்னாடி சாய்ச்சுப் படுக்க வைப்பாங்க. பெரும்பாலும் சில நொடி கழிச்சு கண் சுழன்று மேல்நோக்கித் துடிக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும்.

சரி, தீர்வு? அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி 1992-ல வெளியிட்ட முறை. தலையைப் படிப்படியாத் திருப்பி, துகளைக் குழாயில இருந்து வெளியே உருட்டி விடுறது. ஆபரேஷன் கிடையாது, சில நிமிஷ வேலை. அடிபட்டு வந்ததா இருந்தா ரெண்டு மூணு தடவை செய்ய வேண்டி வரலாம்.

ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்து நீங்களே செய்யாதீங்க, கழுத்துலயும் அடி இருக்கலாம். கண் துடிப்பு அடங்கவே இல்ல, எல்லாம் ரெண்டா தெரியுது, பேச்சு குழறுது, தலைவலியும் வாந்தியும் கூடுதுன்னா அது மூளைப் பிரச்சினையா இருக்கலாம். உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

மத்தபடி, அடிபட்ட நண்பர் "படுத்தா சுத்துது"ன்னு சொன்னா, பயம்னு தள்ளிவிடாதீங்க. ஈ.என்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், "படுக்க வெச்சு கண்ணைப் பாருங்க"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.