ஆற்றுப்படுத்தலும் பாலின அடையாளமும்



பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டைப் பாடுவது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். அந்நூல் கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரத்தை ஒட்டியது என்று கருதும் அறிஞரும் உளர். இம்மண்ணைக் கண்ட அப்பழஞ்சொல்லே இன்று உளநல ஆலோசனைக்குப் பெயராய் வழங்குகின்றது. ஆற்றுப்படுத்துவோன் வழியைச் சொல்வான், நடப்பவன் மற்றவனே. தம் பாலின அடையாளத்தைத் தேடுவோர்க்கும் உளநல வல்லுநர்க்கும் இடையிலுள்ள உறவும் இத்தகையதாதல் வேண்டும்.

நெடுங்காலம் அஃது அவ்வாறு இருந்ததில்லை. ஆணெனப் பதியப்பெற்ற மகவு தன்னைப் பெண்ணென உணர்ந்தால், அதனை நோயெனக் கொண்டு, சரிசெய்து தருமாறு மருத்துவரை நாடிய பெற்றோர் பலர். மருத்துவ நூல்களும் அவ்வெண்ணத்திற்குத் துணைநின்றன. 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்று, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் நோய் வகைப்பாட்டில்தான் இது உளநோய்ப் பிரிவினின்றும் நீக்கப்பட்டது.

சென்னை உயர்நீதிமன்றத்திலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. மதுரையினின்றும் சென்னைக்கு வந்து அடைக்கலம் புகுந்த, ஒருவரையொருவர் விரும்பிய பெண்கள் இருவரின் வழக்கு 2021இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் அவ்விருவரையும் பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். பின்னர், இப்பொருளில் தமக்கே தெளிவு போதாதென வெளிப்படையாகக் கூறி, தாமும் அவரிடமே கற்கச் சென்றார். அவ்வாண்டு சூன் 7ஆம் நாள் ஆணையில், பால் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். அத்தகைய சிகிச்சை தொழில்நெறிக்கு மாறான குற்றம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது.

தடை ஒன்றே போதுமா எனின், போதாது. நல்ல ஆற்றுப்படுத்துநர், வந்தவரை அவர் விரும்பும் பெயராலேயே அழைப்பார். உடல் பற்றிய துயர் யாது, பிறர் ஏளனத்தால் விளைந்த துயர் யாது என்று பிரித்தறிய உதவுவார். ஐயம் எழுந்தால் அதற்கும் இடந்தருவார். விரைவுபடுத்தார், தடுக்கவும் மாட்டார்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உளநல வல்லுநரின் கடிதம் கேட்கப்படுவது வழக்கம். கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் வழிகாட்டி என்ற நிலை மாறி வாயிற்காவலர் ஆகிவிடக்கூடும். அவர் முன் அமர்ந்தவர், மறுத்துவிடுவாரோ என்றஞ்சித் தம் ஐயங்களை மறைப்பார். உண்மை பேசவேண்டிய இடத்தில் பாடம் ஒப்பிப்பார். யாரிடம் மனம் திறக்க வேண்டுமோ அவரிடமே மனம் பூட்டிக்கொள்ளும். இத்துறையின் பன்னாட்டு நெறிமுறை, 2022இல் வந்த எட்டாம் பதிப்பில், வயதுவந்தோர்க்கு ஒரு கடிதமே போதும் என்றது. அச்சத்தைத் தணிக்கும் ஒரு படி அது.

மொழிக்கும் இதில் கடமை உண்டு. தன்னைக் குறிக்க வசைச்சொல்லன்றி வேறறியாத பிள்ளை, ஆலோசகர் முன் எதனைச் சொல்லித் தொடங்கும்? 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இக்குறையைப் போக்க முற்பட்டது. திருநங்கை, திருநம்பி போன்ற சொற்கள் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. வகுப்பறையிலும் கதையிலும் வீட்டுத் திண்ணையிலும் அவை இயல்பாய்ப் புழங்க வேண்டும்.

செங்கற்பட்டில் மின்தொடர் வண்டியேறிச் சென்னை மருத்துவமனைக்குச் செல்லும் பிள்ளை, தன்னைப் பற்றிய நற்சொல் ஒன்றையேனும் ஊரிலிருந்து கொண்டுசெல்லட்டும். வழி சொல்வது ஆற்றுப்படுத்துவோர் பணி. கட்டுச்சோறு தந்தனுப்புவது ஊரின் கடன்.